விட்டுக்கொடுக்கும் இரும்பு

கோலார் தங்கவயலில் வாழ்ந்த குடும்பங்களைக் கேட்டால் 'ஏர்பிளாஸ்ட்' பற்றிச் சொல்வார்கள். நிலத்தடியில் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். அந்த அதிர்ச்சி மேலே வீடுகள் வரைக்கும் வரும். வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே தங்கச் சுரங்கங்களில் இறங்கி வேலை பார்த்தார்கள். 2001-ல் மூடப்பட்ட அந்தச் சுரங்கங்களில் ஒன்றான சாம்பியன் ரீஃப், 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிருந்தது.

அந்த ஆழத்தில் மேலிருக்கும் பாறையின் எடை, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 800 கிலோ. எந்த முட்டும் அதைத் தாங்காது. தாங்குவது சுற்றியுள்ள பாறையேதான். தாது வெட்டியெடுத்த இடத்தின் ஓரத்தில் சுமை ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பாறை வெடிக்கிறது.

ஆரம்பத்தில் மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்தார்கள். மரம் நசுங்கும், இரண்டு பக்கமும் உள்ள பாறை நெருங்கி வரும். நெருங்குவது கூடக்கூட, வெடித்து வெளிப்படும் ஆற்றலும் கூடும். அதனால் கருங்கல் சுவர் எழுப்பினார்கள், பிறகு கான்கிரீட்டும் நிரப்பினார்கள். அசையாத முட்டுதான் அங்கே தேவைப்பட்டது.

ஆட்கள் நடமாடும் பாதையில் நிலைமை நேர்மாறு. அங்கே வெடிப்பு நேர்ந்தால், பாறையில் துளை போட்டு இறக்கி, முழு நீளமும் சிமெண்டில் இறுகிப் பிடித்த விறைப்பான போல்ட் பட்டென்று முறிந்துவிடலாம். 1990-களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் வந்த கூம்பு போல்ட், என் கணக்கில், மிகக் கெட்டிக்காரத்தனமான வேலை. வழவழப்பான இரும்புக் கம்பி. உள்முனை கூம்பாக அகன்றிருக்கும். கம்பியின் மேல் மெழுகு பூசியிருப்பதால் துளைக்குள் நிரப்பிய சிமெண்ட் அதில் ஒட்டாது. பாறை உந்தும்போது கூம்பு சிமெண்டை நொறுக்கிக்கொண்டு நகரும். பெரிய மீன் சிக்கினால் தூண்டில் நூலை விட்டுக்கொடுத்துப் பிடிப்பதில்லையா, அதே சங்கதிதான். வெடிப்பின் வேகம் அந்த நகர்விலேயே கரைந்துவிடும்.

போல்ட் மட்டும் நல்லதாக இருந்து பயனில்லை. போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே உதிரும் கற்களைக் கம்பி வலைதான் ஏந்துகிறது. வலை, போல்ட்டின் தகட்டு ஓரத்தில் கிழிந்தால் கல் ஆள் தலையில் விழும். இன்னொன்று: ஒருமுறை நகர்ந்த போல்ட்டில் விட்டுக்கொடுக்க மிச்சம் குறைவு. வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாமலும் போகும். ஆகவே பெரிய அதிர்வுக்குப் பிறகு அந்த இடத்தைச் சோதித்து, பக்கத்திலேயே புதுத் துளை போட்டு வேறு போல்ட் இறக்க வேண்டியிருக்கும்.