ஹலோவீன் இரவுக்கு நம் வீட்டின் பதில் என்ன?



ஒக்ரோபர் பிறந்ததும் கடைகளில் பூசணிக்காய்களும் மண்டையோட்டு முகமூடிகளும் வந்துவிடுகின்றன. அட்லிஸ்விலில் வாழும் நமது கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு கேள்வியும் கூடவே வருகிறது. வகுப்புத் தோழி ஹலோவீன் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள், போகட்டுமா என்று மகள் கேட்கிறாள். "அது பேய்களின்ரை கொண்டாட்டம், நமக்கு வேண்டாம்" என்கிறார் அப்பா. "எல்லாப் பிள்ளைகளும் போகேக்கை இவள் மட்டும் வீட்டிலை இருக்கிறதோ?" என்கிறார் அம்மா. இதை எப்படித் தீர்மானிப்பது?

ஹலோவீன் என்ற பெயருக்குப் புனிதர் அனைவரின் திருநாளுக்கு முந்திய மாலை என்பதே பொருள். 9ஆம் நூற்றாண்டளவில் மேற்குத் திருச்சபையில் நவம்பர் 1 சகல புனிதர் திருநாளாக நிலைபெற்றது. மறுநாள் 2ஆம் திகதி மரித்த விசுவாசிகளின் தினம். அயர்லாந்து மக்களின் பழைய குளிர்கால ஆரம்ப விழாவின் வழக்கங்களும் இந்த மாலையோடு கலந்தன. அவர்கள் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றினார்கள். அமெரிக்காவுக்குப் போனபின் கிழங்கின் இடத்தைப் பூசணிக்காய் பிடித்தது. சுவிஸில் இது பரவியது 1990களின் கடைசியில்தான். அதில் வியாபாரத்தின் பங்கு பெரிது. ஆகவே இது முழுக்கப் பேய் வழிபாடும் அல்ல, முழுக்கத் திருச்சபையின் விழாவும் அல்ல.

இதுபோன்ற ஒரு சிக்கல் கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கும் இருந்தது. சிலைக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா என்று கேட்டார்கள். பவுல் அவர்களுக்கு எழுதிய முதலாம் கடிதத்தில் மூன்று விடயங்களைப் பிரித்துக் காட்டுகிறார். சந்தையில் விற்பதை வாங்கி உண்ணலாம், அழைத்த வீட்டு விருந்துக்கும் போகலாம். சிலை வழிபாட்டுப் பந்தியில் மட்டும் பங்குகொள்ளக் கூடாது. இன்னொருவருடைய மனச்சாட்சி புண்படும் என்றால், நமக்கு உரிமை இருந்தாலும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

நமது வீட்டிலும் அப்படியே பிரித்துப் பார்க்கலாம். பூசணிக்காய் விளக்கு, இனிப்பு, தோழியின் வீட்டு விருந்து ஆகியவை ஒரு பக்கம். ஆவிகளை அழைத்துக் குறி கேட்கும் விளையாட்டு மறுபக்கம். அதற்கு இடமில்லை என்று தெளிவாகச் சொல்லலாம். அயலவர் சுவரில் முட்டை எறிவதற்கும் இடமில்லை, அதற்குச் சமயம்கூடத் தேவையில்லை. மூன்றாவதாக, வீட்டில் இருக்கும் அம்மம்மாவின் மனம்.

நேயர்களே, இந்த மூன்றாவதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. நம்மில் பலர் போரைக் கண்டு வந்தவர்கள். 2009இல் முடிந்த அந்தப் போரில் உறவுகளை இழந்து, உடலைக்கூடக் காணாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. சிவப்புச் சாயம் பூசிய சட்டையோடு ஒரு பிள்ளை வாசலில் நின்று இனிப்புக் கேட்கும்போது, அம்மம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போகிறார் என்றால் அதற்குக் காரணம் வேதாகமம் மட்டும் அல்ல. ஆனால் பிள்ளைக்குச் சொல்லப்படுவது "கர்த்தருக்குப் பிடிக்காது" என்ற ஒரே பதில்தான். உண்மையான காரணம் மறைந்துபோகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு அதை அளவோடு சொல்லலாம். "அம்மம்மா உண்மையான இரத்தம் கண்டவ, அதை விளையாட்டாகப் பார்க்க அவவால் முடியாது" என்றால் பிள்ளைக்கு விளங்கும். பிறகு அவளே வேறு உடுப்பைத் தேர்ந்தெடுக்கக்கூடும்.

வேண்டாம் என்று தீர்மானிக்கும் குடும்பம் அந்த நாட்களை வெறுமையாக விடவும் தேவையில்லை. ஊரில் நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலைக்குப் போய், கல்லறையைத் துப்புரவாக்கி, மெழுகுதிரி கொளுத்திச் செபித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சூரிச் மாநிலத்தில் நவம்பர் 1 விடுமுறை இல்லை, பக்கத்துச் சூக் மாநிலத்தில் உண்டு. விடுமுறை இல்லாவிட்டாலும் மாலையில் மேசையில் ஒரு மெழுகுதிரி ஏற்றி, பிள்ளைகள் காணாத பூட்டன், பூட்டியின் பெயர்களைச் சொல்லலாம். அவர்கள் என்ன தொழில் செய்தார்கள், எதற்குச் சிரிப்பார்கள் என்று சொல்லுங்கள்.

நவம்பரில் சூரிச் மாநிலத்துப் பாலர் பாடசாலைப் பிள்ளைகள் 'றேபெ' என்ற ஊதாநிறக் கிழங்கைக் குடைந்து, விளக்கேற்றி ஊர்வலம் போவார்கள். சூரிச் ஏரிக்கரை ரிக்டர்ஸ்வில்லில் அது பெருவிழாவாகவே நடக்கிறது. ஹலோவீன் வேண்டாம் என்ற வீட்டுப் பிள்ளையும் அங்கே தோழிகளோடு விளக்குத் தூக்கிப் போகலாம்.

போகலாம் என்று முடிவெடுத்தாலும், வேண்டாம் என்று முடிவெடுத்தாலும், அப்பா, அம்மா, பிள்ளைகள், அம்மம்மா எல்லாரும் ஒன்றாக இருந்து பேசி எடுங்கள். அந்தப் பேச்சை 31ஆம் திகதி பின்னேரம், பிள்ளை சப்பாத்துப் போடும் நேரம்வரை தள்ளிப்போடாதீர்கள். மாதத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்.