உப்பின் நிறம்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழா மலருக்கென மரக்காணம் உப்பளங்களில் நாம் எடுத்த டிஜிட்டல் படங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. அவற்றைக் கணினியில் சீர்செய்த நண்பர், வைகறைப் படமொன்றுக்குப் பொன்னிறச் சாயலேற்றி, அந்த அமைப்பையே ஒரே கட்டளையில் எஞ்சிய படங்கள் அனைத்துக்கும் படியெடுத்துவிட்டார். படங்கள் அழகாயின; மறுக்கவில்லை. ஆயின், உப்புக் குவியல்கள் நாட்டுச் சர்க்கரைக் குவியல்களாகிவிட்டன!

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் வெப்ப அலகால் அளப்பர். மெழுகுவர்த்திச் சுடர் ஏறத்தாழ 1,900. நண்பகல் வெயில் ஏறத்தாழ 5,500. எண் குறையக் குறைய ஒளி செம்மை கொள்ளும். ஏற ஏற நீலம் பாயும். நாம் வெம்மை நிறம் என்பது அறிவியலில் வெப்பம் தணிந்த நிறமே. பழம்படங்களின் பழுப்புக்காவது ஒரு காரணம் உண்டு. படத்திலுள்ள வெள்ளியைக் கந்தகச் சேர்மமாக மாற்றி, அதனை நெடுநாள் நிலைக்கச் செய்த வேதிமுறை அது. நம் சாயலுக்கு அத்தகைய காரணம் யாது? மேலும், படத்தின் நிறப்பிழையைத் திருத்த, வெண்மை என்று நாம் அறிந்த பொருளையே அளவுகோலாகக் கொள்வர். உப்பளத்தில் அந்த அளவுகோல் உப்பு. அதற்கே சாயம் பூசிவிட்டோம்.

நெய்தலுக்குத் தொல்காப்பியம் வகுத்த பொழுது எற்பாடு. எனவே மாலைநிறம் மரபன்றோ என்று ஒருவர் வினவலாம். மரபு அவ்வளவு ஒற்றைநிறத்தது அன்று. நெல்லுக்கு ஒத்த அளவு உப்பு என்று ஊர்த்தெருவில் விலைகூறிச் செல்லும் உமணர் மகளை அம்மூவனார் அகநானூற்றில் காட்டுகிறார். இரங்கலுக்குரிய திணையில் அன்றாட வாணிகமும் உண்டு. (சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினத்தை மரக்காணம் எனக் கொள்வோரும் உளர், அந்த ஆய்வு இங்கு வேண்டா.) நம் வட்டத்துக் கடற்கரைக் கவிதைகளோ பத்தாண்டுகளாக அந்தியிலேயே நிற்கின்றன. என்னுடையனவும் அவற்றுள் அடங்கும்.

ஒரு படத்தைப் பற்றி மட்டும் சொல்லி அமைகிறேன். பாத்தி வரப்பில் ஒரு பெண் நெற்றியில் கைவைத்து நிற்கிறார். உச்சிவெயில் உப்பில் பட்டுத் தெறிக்கும் கூச்சம் தாங்காமல் கண்ணை மறைத்தார். நான் அருகில் நின்றேன். சாயலேற்றிய படத்தில் அந்தக் கூச்சம் இல்லை. யாரோ ஒருவர் வரவை நோக்கி மாலையில் காத்திருக்கும் தலைவியாகிவிட்டார். அவர் உழைப்பு படத்தினின்றும் நீங்கிவிட்டது.

மூலப்படங்கள் அழியாமல் உள்ளன. வைகறைப் படங்கள் அவ்வாறே இருக்கட்டும். ஏனையவற்றின் சாயலை அச்சுக்கு முன் நீக்கிவிட வேண்டுகிறேன், அந்தப் பெண்ணின் படத்தை முதலாவதாக.