உதிரப்போக்கும் ஆறு வாரக் கூலியும்
(கம்பத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கருக்கலைப்பு என்றதும் சில ஆண் தோழர்கள் டீக்கடைப் பக்கம் நகர்றாங்க. உட்காருங்க. இது கூலிப் பிரச்சினை.

கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் விடியுமுன்னே ஜீப்பில் அடைபட்டு மலையேறும் நம் பெண்களுக்கு ஏலக்காட்டில் என்ன வேலை? ஏலம் செடியின் தூரில், தரையை ஒட்டிய சரத்தில் காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிஞ்சும் குத்தவச்சும், ஈரத்தில், அட்டைக்கடியில் காய் எடுக்கணும். துணி மாத்த மறைவிடம் கிடையாது. கருக்கலைச்ச மூணாம் நாள் அந்த வேலைக்குப் போனவள் நான். "ரெண்டு மூணு நாள்ல வழக்கமான வேலையைப் பாக்கலாம்" என்று மருத்துவர் சொன்னது பொய்யில்லை. எவளுடைய வழக்கமான வேலை என்றுதான் அவர் கேட்கவில்லை.

உடம்பு விஷயத்தை ஒளிக்காமல் சொல்றேன். மாத்திரையில் கலைச்சால் முதலில் மாதவிலக்கைவிட அதிகமாகப் போகும், கட்டியும் விழும். பிறகு குறைஞ்சு 2 வாரம்வரை, சிலருக்கு அதற்கு மேலும், கசியும். அதில் பயமில்லை. ஆனால் மணிக்கு 2 பெரிய நாப்கின் வீதம் தொடர்ந்து 2 மணி நேரம் நனைஞ்சால், காய்ச்சல் விடாமல் அடிச்சால், கெட்ட வாடை வந்தால், மயங்கினால், விடியட்டும்னு இருக்கக் கூடாது. கம்பம் அரசு மருத்துவமனையோ க.விலக்கு மருத்துவக் கல்லூரியோ, உடனே போகணும். எருக்கங்குச்சி வச்சிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லணும். தீட்டு என்று மூலையில் கிடந்தால் உயிர் போயிடும்.

அடுத்த விலக்கு 4 முதல் 6 வாரத்தில் வரும். அதற்கு முன்பே மறுபடி கரு பிடிக்கலாம். இதை ஆண் தோழர்கள் குறிச்சுக்கணும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு முழுங்காதீங்க, உடம்பில் சேராது. 18 வயது முடிஞ்சவளுக்கு 1971 சட்டப்படி அவள் சம்மதமே போதும். புருஷன் கையெழுத்து எந்த விதியிலும் இல்லை.

கூலிக்கு வர்றேன். 1928-ல் பம்பாய் சட்டசபையில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். 1961 சட்டம், தோட்டங்களையும் சேர்த்து, கருச்சிதைவுக்கு 6 வாரம் கூலியோடு விடுப்பு தந்தது. 1995 திருத்தம் கருக்கலைப்பையும் சேர்த்தது. 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது இருக்கு. அந்த 6 வாரத்தில் தெரிந்தே வேலை வாங்குவது குற்றம்.

ஆனால் நம்மில் எத்தனை பேருடைய பெயர் தோட்டத்துப் பதிவேட்டில் இருக்கு? ஜீப்காரர் தலையை எண்ணி ஏத்துறார், கங்காணி தலையை எண்ணிக் கூலி தர்றார். பெயரில்லாதவள் யாரிடம் விடுப்பு கேட்பாள்? மருத்துவமனைச் சீட்டைக் காட்டினால் ஊருக்கே தெரிஞ்சிடும் என்ற பயம் வேற. அந்தப் பயம் நியாயமானது. அதனால் தனியாக ஒருத்தியைச் சீட்டோடு அனுப்பாதீங்க, சங்கம் கூடப் போகணும். அடுத்த கூலிப் பேச்சில் ரூபாய்க் கணக்குக்கு முன்னால் பதிவேட்டில் பெயர் கேளுங்க.