தள்ளாமை தலையெழுத்தா?

(ஆத்தூர் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அரசியலும் அல்ல, ஆஸ்திக நாஸ்திக வாதமும் அல்ல. வயது சென்றவர்களின் தொடைச் சதையைப் பற்றியே பேசப் போகிறோம். இதைக் கேட்டதும் சிலர் சிரிக்கிறீர்கள். நன்றாய்ச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பாட்டனோ பாட்டியோ கட்டிலைவிட்டு எழுந்திருக்க இன்னொருவர் கையை எதிர்பார்த்துக் கிடக்கிறார்களா இல்லையா என்பதை மாத்திரம் யோசித்துப் பாருங்கள். இராத்திரியில் ஒன்றுக்குப் போக மருமகளை எழுப்ப வெட்கப்பட்டு, சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் தாகத்தை அடக்கிக்கொண்டு படுக்கிற கிழவிகள் நம் ஊர்களில் இல்லையா? மானம் மானம் என்று எவ்வளவோ பேசுகிறோம். தன் காலால் தான் எழுந்து நடக்க முடியாதவருக்கு அந்த மானம் எவ்வளவு மிச்சமிருக்கும்?

இதற்கு நம் ஜனங்கள் சொல்லும் சமாதானம் என்னவென்றால், "வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது, தலையில் எழுதினபடி நடக்கிறது" என்பதாகும். பெரியம்மையைக்கூட மாரியாத்தாள் கணக்கில் எழுதி வைத்திருந்தவர்கள்தானே நாம்! அம்மை குத்தினார்கள், 1980-இல் அந்த நோய் உலகத்தைவிட்டே ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. மாரியாத்தாள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

தள்ளாமை விஷயமும் அநேகமாக அப்படித்தான். மனிதனுக்கு 30 வயதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை சதை குறைந்துகொண்டே வருகிறதென்றும், 60-க்கு மேல் இது இன்னும் வேகமாகிறதென்றும் வைத்தியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சதை என்றால் கொழுப்பல்ல. வேலை செய்கிற தசை. பருத்த சரீரக்காரருக்கும் உள்ளே தசை வற்றியிருக்கலாம். 1989-இல் அமெரிக்காவில் இர்வின் ரோசன்பர்க் என்னும் ஆராய்ச்சியாளர் இதற்கு 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். கிரேக்க பாஷையில் அதற்குச் 'சதை வறுமை' என்று பொருள். 2016-இல் அமெரிக்க நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி எண்ணும் கொடுத்துவிட்டார்கள். பெயர் வைத்ததால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். விதி என்று சொல்லிவிட்டால் வைத்தியம் தேட வேண்டியதில்லை; நோய் என்று சொன்னால் தேடித்தானே ஆகவேண்டும்?

அப்படித் தேடினவர்கள் கண்டதைக் கேளுங்கள். பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் மரியா ஃபியாட்டரோனே என்ற பெண் வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்து, 1990-இல் அதை வெளியிட்டார்கள். சராசரி வயது 90 உள்ள பத்துப் பேரைச் சேர்த்து, வாரத்துக்கு மூன்று நாள், எட்டு வாரம், காலால் கனத்தைத் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அதுவும் பூப்போல அல்ல. அவரவரால் தூக்கக்கூடியதில் பெரும்பங்கு கனம். ஒருவர் நடுவில் நின்றுவிட்டார். மற்ற ஒன்பது பேருக்கும் கால் பலம் சராசரியில் நூற்றுக்கு 174 பங்கு கூடிற்று. அதாவது முன்னிருந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. இரண்டு பேர் கைத்தடியைப் போட்டுவிட்டு நடந்தார்கள். தொண்ணூறு வயதில், தோழர்களே! எந்த ஸ்தல புராணத்திலாவது இப்படி எழுதியிருந்தால் அந்த ஊருக்கு ஸ்பெஷல் ரயில் விட்டிருப்பார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயிற்சியை நிறுத்தி நாலு வாரம் ஆனதும் அடைந்த பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட இறங்கிவிட்டது. ஆகவே, ஒரு தரம் செய்துவிட்டு ஆயுசுக்கும் அனுபவிக்கிற காரியம் அல்ல இது.

இங்கே வந்திருக்கிற குடியானவர்கள் கேட்கக்கூடிய கேள்வி நமக்குத் தெரியும். "நாங்கள் ஐம்பது வருஷம் ஏர் ஓட்டினோம், மூட்டை தூக்கினோம், கிழங்குக் காட்டில் மண்வெட்டி பிடித்தோம், எங்களுக்கா தேகப்பயிற்சி?" என்பீர்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் சதை என்பது பத்தாயத்தில் கொட்டி வைக்கும் நெல் அல்ல, இளமையில் சேர்த்து முதுமையில் அள்ளிக்கொள்ள. அது சரீரத்தில் தினமும் உடைகிறது, தினமும் கட்டப்படுகிறது. வயதாக ஆக, தின்ற சோற்றிலிருந்து கட்டுகிற வேகம் மந்தமாகிறது. தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகளும் சில செத்துப்போகின்றன. தசையில் கனத்தை ஏற்றினால்தான் அந்தக் கட்டுமான வேலை மறுபடி சுறுசுறுப்படைகிறது. மகன் தலையெடுத்து, டிராக்டர் வந்து, "நீங்கள் சும்மா இருங்கள் அப்பா" என்று சொன்ன அன்றைக்கே செலவு மாத்திரம் நடக்கிறது, வரவு நின்றுபோகிறது. போதாக்குறைக்கு, நாள் முழுவதும் குனிந்து களை எடுத்த பெண்ணுக்கு இடுப்பு தேய்ந்திருக்குமே தவிர, தொடைக்கு வேண்டிய பயிற்சி கிடைத்திருக்காது. கூலிக்கு உழைப்பது வேறு, உடம்புக்காக உழைப்பது வேறு.

"சும்மா இருங்கள்" என்பதை நாம் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீர்ச் செம்பைக்கூடக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். இந்த மரியாதையின் விலை என்ன தெரியுமா? வியாதி ஒன்றும் இல்லாத, சராசரி 67 வயதுள்ள சிலரைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். 2007-இல் வெளியான அந்தக் கணக்கின்படி, இரண்டு காலிலுமாகச் சேர்ந்து ஏறக்குறைய ஒரு கிலோ சதை போய்விட்டது. பத்து நாளில் ஒரு கிலோ! ஒரு காய்ச்சலுக்குப் படுத்த கிழவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை என்றால், அவரை முடக்கினது காய்ச்சலா, கட்டிலா? அதற்கு மேல் ஒரு நாள் வழுக்கி விழுந்து இடுப்புப் பக்கத்துத் தொடை எலும்பு முறிந்துவிட்டால், பிறகு நாம் என்ன சொல்ல வேண்டும்!

நிற்க, 60 வயதில் சதை வேகமாய்க் கரைய ஆரம்பிக்கிறதென்று சொன்னோமல்லவா? அந்த 60-இல் நம்மவர்கள் செய்வதென்ன? அறுபதாம் கலியாணம். கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றி, புரோகிதனுக்குத் தட்சணை கொடுத்து, தீர்க்காயுசு வாங்குகிறார்கள். அந்தத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வதற்குப் பதில், குடத்தோடு தூக்கிக்கொண்டு நாலு படி ஏறி இறங்கியிருந்தால் ஆயுசுக்கு ஏதாவது சேர்ந்திருக்கும். கோயிலை 108 தரம் சுற்றினேன், உடம்பு தேவலை என்கிறவர்களை நாம் பொய்யர் என்று சொல்லவில்லை. சுற்றினதால் தேவலையாயிற்று, ஆத்தூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றினாலும் அதே பலன்தான். அத்துடன், நடை இருதயத்துக்கு நல்லதென்றாலும் நடை மாத்திரம் போதாது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் 150 நிமிஷமாவது வேகமாய் நடப்பது போன்ற வேலை செய்வதோடு, இரண்டு நாளாவது பலப் பயிற்சியும், மூன்று நாள் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் செய்ய வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. தென் ஜில்லாக்களில் வாலிபர்களுக்கு இளவட்டக்கல் இருந்தது. கிழவர்களுக்கென்று ஒரு கல்லை எவனும் போட்டு வைக்கவில்லை.

இனி, சாப்பாடு. நம் ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக்கும் ஜவ்வரிசிக்கும் பேர் போனது. அந்த வியாபாரத்தைக் கெடுக்க நாம் வரவில்லை. ஆனால் நோயாளிக்கும் கிழவருக்கும் ஜவ்வரிசிக் கஞ்சியே உத்தமம் என்று கொடுக்கிறோமே, அது வெறும் மாவு. சதை கட்டுகிற புரதம் அதில் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். 50 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் அதே அளவு, ஒரு கை நிலக்கடலையில் 7 கிராம், கொள்ளு நூறு கிராமில் 20-க்கு மேல். பக்கத்து நாமக்கல்லிலிருந்து முட்டை லாரி லாரியாய் ஊர் ஊருக்குப் போகிறது. இங்கே புருஷன் செத்த கிழவி, "எனக்கெதற்கு இனிமேல்" என்று முட்டையை ஒதுக்கி, ஏகாதசிக்கும் கிருத்திகைக்கும் பட்டினி கிடந்து, மற்ற நாளில் எல்லாரும் தின்றபின் மிஞ்சின ரசச் சோற்றைத் தின்கிறாள். புருஷன் செத்தால் பெண்சாதியின் தொடையுமா கூடச் செத்துப்போக வேண்டும்? இது எந்தச் சாஸ்திரம்? (சிறுநீரக வியாதி உள்ளவர்கள் மாத்திரம் வைத்தியரைக் கேட்டே புரதம் கூட்ட வேண்டும்.)

அதற்காக டப்பா மாவுக்காரன் விளம்பரத்தைப் பார்த்து ஓடாதீர்கள். அதே பாஸ்டன் கூட்டத்தார் நூறு பேரை வைத்து 1994-இல் வெளியிட்ட சோதனையில், பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மாத்திரம் குடித்தவர்கள் பலம் பெறவில்லை.

செலவில்லாத பயிற்சியைச் சொல்லிவிடுகிறோம். உறுதியான நாற்காலியிலோ உயரமான திண்ணையிலோ உட்கார்ந்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு, ஊன்றாமல் எழுந்து நின்று உட்காருங்கள். எட்டுப் பத்துத் தரம். சற்று இளைப்பாறி மறுபடி ஒரு சுற்று. முடியாதவர்கள் முதலில் கையை ஊன்றியே எழட்டும். சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி நில்லுங்கள். தண்ணீர் நிறைந்த செம்பைத் தோள் மட்டம் தூக்கி இறக்குங்கள். சுலபமாகிவிட்டால் செம்பைப் பெரிதாக்குங்கள். சுலபமான வேலையால் தசை வளராது. வாரத்துக்கு மூன்று நாள் போதும். மார்பு வலி, மூச்சுத் திணறல், சமீபத்தில் அறுவை சிகிச்சை உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். அரசாங்கம் 2021-இல் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்துவிட்டவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை செய்வதும் சேர்க்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய், எங்கள் தெருவுக்கு ஆள் எப்போது வருமென்று கேளுங்கள். கேட்பது பிச்சை அல்ல, உங்கள் வரிப்பணம்.

கூட்டம் கலையுமுன் ஒரு காரியம். மேடைக்கு முன்னால் நாலு நாற்காலி போட்டிருக்கிறது. 60 தாண்டிய தோழர்களும் தாய்மார்களும் முன்னால் வாருங்கள். கையை ஊன்றாமல் ஐந்து தரம் எழுந்து உட்காருங்கள். 12 விநாடிக்குள் முடிந்தால் சரி. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை குறைந்திருக்கலாமென்று சந்தேகிக்க வேண்டுமென ஆசிய நாட்டு வைத்தியர் குழு 2019-இல் வரையறுத்திருக்கிறது. கடிகாரம் தலைவர் கையில் இருக்கிறது. முதலில் தலைவரே உட்காரட்டும். அவருக்கும் 63 ஆகிறது.