தன்னை அறிந்தவரே தளராது வழிநடத்துவர்

(பலெர்மோ நகரின் பொலிதேயாமா பகுதியில் நடைபெற்ற பெற்றோர் – இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நிச்சயமின்மை எமக்குப் புதியதன்று. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அதனை உணர்கின்றோம். குடியுரிமைக்குரிய வதிவிடக் காலத்தைப் பத்து ஆண்டுகளிலிருந்து ஐந்தாகக் குறைக்கக் கோரிய பொதுவாக்கெடுப்பும் 2025 யூன் மாதத்தில் போதிய வாக்காளர் பங்கேற்காமையால் பயனற்றுப் போயிற்று. இத்தகைய காலத்தில் மக்களை வழிநடத்துவோர் எவ்வாறு இருத்தல் வேண்டும்?

விடை இந்நகரிலேயே உண்டு. பிரங்காச்சோ பகுதியில் 1937ஆம் ஆண்டு, செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அருட்தந்தை பினோ பூலிசி. 1990இல் அவர் அங்கே பங்குக் குருவானார். மாபியாவின் கோட்டையாக விளங்கிய அப்பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளிகூட இருக்கவில்லை. தெருவில் வளர்ந்த சிறுவர்களை மாபியா தனதாக்கிக்கொண்டது. பள்ளி வேண்டுமென அவர் ஓயாது கோரினார். 1993இல் சிறுவர்களுக்கென நிலையம் ஒன்றைத் திறந்தார். அவரோடு உழைத்தவர்களின் வீட்டுக் கதவுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. அவரோ, தீ வைத்தோரையே பேச வருமாறு ஆலயத்தில் நின்று அழைத்தார். 1993 செப்ரெம்பர் 15ஆம் நாள், தமது 56ஆவது பிறந்தநாளில், வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கோரிய பள்ளி 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

மாபியாவை ஒழிப்பேன் என அவர் முழங்கவில்லை. தமது பணி ஓர் அடையாளம் மட்டுமே என்றார். தன் அளவை அறிந்திருந்தமையாலேயே, அந்த அளவுக்குள் இறுதிவரை உறுதியாக நின்றார்.

என் தவறொன்றையும் கூறவேண்டும். 2020இல் ஊரடங்கு வந்தபோது, வீட்டுவேலை செய்த எம்மவர் பலர் ஊதியம் இழந்தனர். ஒவ்வொரு குடும்பத்தையும் தொலைபேசியில் அழைத்து விசாரிப்போம் என்று பதினேழு வயது மாணவி ஒருத்தி கேட்டாள். “எங்கட சனத்தை எனக்குத் தெரியும், பிள்ளை” என்று தட்டிக்கழித்தேன். மூன்று வாரங்களின் பின், அடுத்த தெருவிலேயே ஒரு குடும்பம் அரிசிக்கும் வழியின்றி இருந்ததை அவளே கண்டுபிடித்தாள். நான் காட்டியது அனுபவமன்று. என்ன செய்வதென்று அறியாத என் அச்சத்தை மறைத்த அதிகாரம். அதனை அவளிடம் ஒப்புக்கொண்ட பின்னரே எம் பணி சீரடைந்தது.

பெற்றோர்களே, அலுவலகக் கடிதங்களை வாசித்துத் தரும் பிள்ளைகளுக்குச் சங்கக் கூட்டத்தில் இருக்கை மட்டுமன்றி, முடிவெடுக்கும் உரிமையும் கொடுங்கள். “தெரியாது” எனச் சொல்வது தலைமைக்கு இழுக்கன்று.

இளையோர்களே, இங்கே பிறந்து தொடர்ச்சியாகச் சட்டப்படி வாழ்ந்தோர், பதினெட்டு வயதிலிருந்து ஓராண்டுக்குள் குடியுரிமையைக் கோரலாம். அக்காலத்தைத் தவறவிடாதீர்கள், உங்கள் நண்பர்களுக்கும் நினைவூட்டுங்கள். வழிநடத்துதல் இத்தகைய சிறு பொறுப்பிலேயே தொடங்குகின்றது.

காலம் எப்போது தெளியும் என்பது எம் கையில் இல்லை. ஒருவரையொருவர் கைவிடாதிருப்பது எம் கையில் உண்டு.