பயிற்சியாளர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன்: பாபநாசம் பட்டமளிப்பு விழா உரை

ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் 1962-இல் லண்டனில் பிறந்தவர். கால்பந்து வீரராக அவர் பெயர் எங்கும் நிலைக்கவில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா ஸ்டோனர்ஸ், நியூயார்க் பான்சிப்ரியன் ஃப்ரீடம்ஸ் ஆகிய சிறிய அணிகளில் ஆடினார். இருபதுகளிலேயே முழங்கால் காயம் அந்த ஆட்டத்தையும் முடித்துவைத்தது. பிறகு அவர் மாணவரானார். பயிற்சியாளருக்கான உரிமங்களை ஒவ்வொன்றாகப் படித்து, தேர்வெழுதி, ஐரோப்பாவின் உச்ச உரிமமான ‘புரோ’ வரை பெற்றார். பிஃபாவின் பயிற்றுநராகவும் உயர்ந்தார்.

ஆடத் தெரிவது ஒன்று, ஆடக் கற்றுக்கொடுப்பது வேறு. இரண்டாவது தனிப் படிப்பு. இந்தியாவிலும் டி, சி, பி, ஏ, புரோ என்று அதற்குப் படிகள் உண்டு. முதல் படிக்குப் பெரிய ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டியதில்லை. இன்று இங்கே பட்டம் வாங்குவோருக்கும், அவர்களைப் படிக்கவைத்த பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் வாழ்த்து உரியது. அந்த வாழ்த்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது இந்தப் படிகளைப் பற்றித்தான்.

1999-இல், 36 வயதில், கான்ஸ்டன்டைன் நேபாள தேசிய அணியின் பயிற்சியாளரானார். அந்த ஆண்டு காத்மாண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் நேபாளம் இறுதி ஆட்டம் வரை வந்து வங்கதேசத்திடம் தோற்று வெள்ளி பெற்றது. 2002-இல் இந்தியா அழைத்தது. அதே ஆண்டு வியட்நாமில் நடந்த எல்ஜி கோப்பையின் இறுதியாட்டத்தில், வியட்நாமையே 3-2 என்று இந்தியா வென்றது. 2003-இல் ஹைதராபாத்தில் ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளி. அதன்பின் இங்கிலாந்தின் மில்வால், மலாவி, சூடான், சைப்ரஸ் அணிகள், ருவாண்டா என்று பெட்டி கட்டுவதும் பிரிப்பதுமாகப் பத்தாண்டுகள் கழிந்தன.

அவரை அழைத்த நாடுகளில் பெரும்பாலானவை பிஃபா தரவரிசையில் பின்தங்கியிருந்தவை. காவிரிப் படுகையில் இதை விளக்கத் தேவையில்லை. மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்கு எப்போது தண்ணீர் வரும், எவ்வளவு வரும் என்று தெரியாது. வந்ததை வைத்துத்தான் நாற்றுவிட வேண்டும். கடைமடை அணிக்குப் பயிற்சி தருபவர் நிலைமையும் அதுவே. வீரர்கள் முகாமுக்கு வரச் சில நாட்கள்தாம் கிடைக்கும். அதற்குள் நால்வர் ஒரே வரிசையில் தடுத்து நிற்பது, பந்து பறிபோனதும் யார் முதலில் ஓடுவது என்ற இரண்டொரு பாடங்களையே திரும்பத் திரும்ப நடத்த முடியும். அவர் அணிகள் அழகாக ஆடவில்லை, நீளப் பந்தையே நம்பின என்ற குறை சொல்லப்பட்டது. அதில் உண்மை உண்டு. ஆனால் கிடைத்த நாட்களுக்கு ஏற்ற பாடம் அது.

2015 ஜனவரியில் அவர் மறுபடி இந்தியாவுக்கு வந்தபோது அணி தரவரிசையில் 171-ஆம் இடத்தில் இருந்தது. மார்ச்சில் 173-க்கு இறங்கியது. ஜூனில் குவாமிடம் 1-2 என்று தோல்வி. குவாமின் மக்கள்தொகை ஏறத்தாழ 1.6 லட்சம்; கிட்டத்தட்ட கும்பகோணம் நகரம் அளவுக்கு. அந்தத் தோல்விக்குப் பிறகும் அவர் புதிய இளைஞர்களை அணிக்குள் எடுத்துக்கொண்டே இருந்தார். 2017 ஜூலையில் இந்தியா 96-ஆம் இடத்துக்கு வந்தது. 1996-க்குப் பின் அதுவே உயர்ந்த இடம். அக்டோபரில் பெங்களூருவில் மக்காவுவை 4-1 என்று வென்று, ஆசியக் கோப்பைக்கும் தகுதி பெற்றது.

2019 ஜனவரி 6, அபுதாபி. இந்தியா 4, தாய்லாந்து 1. ஆசியக் கோப்பையில் இந்தியா ஓர் ஆட்டத்தை வென்றது 1964-க்குப் பின் அதுவே முதல் முறை. சுனில் சேத்ரி இரண்டு, அனிருத் தாபா ஒன்று, ஜெஜே ஒன்று. கடைசி இருவரும் அப்போது சென்னையின் எஃப்சி வீரர்கள். அடுத்து அமீரகத்திடம் 0-2. ஜனவரி 14, ஷார்ஜாவில் பஹ்ரைனுடன் சமன் செய்தால் போதும், இந்தியா வரலாற்றில் முதல் முறையாக நாக் அவுட் சுற்றுக்குப் போயிருக்கும். தலைமைப் பட்டையை ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிக் கட்டுவது அவர் வழக்கம். அன்று அது பிரணய் ஹால்தரின் கையில். நான்காவது நிமிடத்திலேயே தடுப்பாட்டக்காரர் அனஸ் காயத்தோடு வெளியேறினார். 90 நிமிடம் கோல் விழவில்லை. நிறுத்தங்களுக்காகச் சேர்த்த நேரத்தின் முதல் நிமிடத்தில், தங்கள் பெனால்ட்டி பகுதிக்குள் ஹால்தர் எதிராளியை இடறிவிட, பெனால்ட்டி. 0-1. அன்றிரவே கான்ஸ்டன்டைன் பதவி விலகினார். நான்கு ஆண்டு உழைப்பின் முடிவைத் தீர்மானித்தது ஒரு கால் அரை நொடி தாமதமானதுதான். இந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களால் இன்றும் அதை எளிதில் பேசிக் கடக்க முடிவதில்லை.

இரண்டு மாதம் ஆவதற்குள், மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் பட்டத்தைப் பெற்றது. சென்னை சிட்டி 43 புள்ளி, இரண்டாவதாக வந்த ஈஸ்ட் பெங்கால் 42. சென்னை சிட்டியின் பயிற்சியாளர் அக்பர் நவாஸும் வெளிநாட்டவரே, சிங்கப்பூரிலிருந்து வந்தவர்.

டெல்டாவில் திடல் இல்லாத ஊர் இருக்கலாம், அறுப்பு முடிந்த வயல் இல்லாத ஊர் இல்லை. தைக்குப் பின் தாள் குத்தும் வயலில் வெறுங்காலோடு பந்து உதைத்து, காற்று இறங்கினால் சைக்கிள் கடைக்கு ஓடிய தலைமுறை பாபநாசத்தைச் சுற்றி இன்னும் இருக்கிறது. திருப்பாலைத்துறைக் கோயிலின் பழைய நெற்களஞ்சியம் 3,000 கலம் கொள்ளும் என்பார்கள். அந்த ஊரில் ஆடும் ஆசைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. இல்லாமல் போனது மாலையில் ஐந்து மணிக்கு வந்து நின்று, தவறைத் திருத்திச் சொல்லும் ஒருவர். அந்த வேலைக்கு இங்கே படித்த பட்டதாரி போதும். அதற்கான உரிமத்தைப் படித்துப் பெற வேண்டும், அவ்வளவுதான்.

கான்ஸ்டன்டைன் 2022-இல் இந்தியாவுக்குத் திரும்பி, ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளரானார். இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பட்டியலில் அந்த அணி 11-இல் 9-ஆவதாக முடிந்தது. 2023-இல் பாகிஸ்தான் சென்றார். அக்டோபர் 17 அன்று இஸ்லாமாபாத்தில் கம்போடியாவை 1-0 என்று வென்று, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் பாகிஸ்தான் தன் முதல் வெற்றியைப் பெற்றது. அடுத்த சுற்றில் சவுதி அரேபியா, ஜோர்டான், தஜிகிஸ்தானுடன் ஆடிய 6 ஆட்டங்களிலும் தோற்றது.