உப்பின் விலையும் பிள்ளையின் மதிப்பும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசுங்க, கணக்கு மட்டும் வேண்டாம்" என்றார் சங்கச் செயலாளர். என்ஜினீயரைக் கூப்பிட்டுவிட்டுக் கணக்கு வேண்டாம் என்றால் எப்படி? கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மரக்காணத்துக்காரன். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகும்போது வெள்ளைக் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாத்திகளில் உப்பு வாரித்தான் என் அப்பாவும் அம்மாவும் என்னை இந்தக் கல்லூரிக்கு அனுப்பினார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக ஊரில் இருந்தாள். அங்கன்வாடியிலிருந்து வந்த அம்மா எங்கள் வீட்டு உப்பை ஒரு சிட்டிகை எடுத்து, அதில் மருந்து ஒரு சொட்டு விட்டார். அயோடின் இருந்தால் நீலமாகும். எங்கள் உப்பு வெள்ளையாகவே இருந்தது. படித்தவன் வீட்டு உப்பு!

என் அம்மா விடவில்லை. "ஏன்டா, கடல் தண்ணியில இல்லாத அயோடினா? நம்ம பாத்தி உப்பை விட்டுட்டு பாக்கெட் உப்பு வாங்கினா ஊரே சிரிக்கும்" என்றார். சரி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் கடல்நீரில் அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம். ஒரு கிலோ உப்புக்கு ஏறக்குறைய 40 லிட்டர் கடல்நீர் வற்ற வேண்டும். அத்தனை அயோடினும் உப்பிலேயே தங்கினாலும் இரண்டரை மில்லிகிராம் தேறாது. அதிலும் பெரும்பகுதி காற்றோடும் கசப்பு நீரோடும் போய்விடும். சட்டம் கேட்பதோ, வீட்டுக்கு வரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம். அம்மா கணக்கு தோற்றது. ஆனால் பாசம் தோற்கவில்லை. அடுத்த மாதமும் ஒரு மூட்டை பாத்தி உப்பு வந்தது!

இதிலே என்ன ஆபத்து? கருவில் இருக்கும்போதும் பிறந்த முதல் சில வருஷங்களிலும் அயோடின் குறைந்தால் மூளை வளர்ச்சி குறையும். கழுத்தில் கழலை வருவது கண்ணுக்குத் தெரியும். புத்தி கொஞ்சம் மழுங்கினால் யாருக்குத் தெரியும்? "பையனுக்குப் படிப்பு ஏறலை" என்பதோடு முடிந்துவிடும். இமயமலை அடிவாரக் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசாமி குழுவினர் 1956-இல் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறையும் என்று காட்டியது.

இப்போது செலவு. ஒரு டன் உப்புக்கு பொட்டாசியம் அயோடேட் சுமார் 50 கிராம் போதும். ஒரு கிலோவுக்குப் பைசாக் கணக்குதான். ஒரு மனிதனுக்கு ஆயுள் முழுக்கத் தேவையான அயோடின் ஒரு டீஸ்பூனுக்குள் அடங்கும். 2008-இல் கோபன்ஹேகனில் கூடிய பொருளாதார நிபுணர்கள், உலக நன்மைக்குச் செலவிடச் சிறந்த வழிகளை வரிசைப்படுத்தியபோது, இரும்பும் அயோடினும் சேர்ப்பதற்கு மூன்றாம் இடம் கொடுத்தார்கள்.

வரவை எப்படி அளப்பது? இங்கேதான் சிக்கல். பிள்ளைக்கு விலை போடலாமா என்பீர்கள். நம் கோர்ட்டுகள் போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. சம்பாத்தியம் இல்லாதவர் சாலை விபத்தில் இறந்தால் வருஷ வருமானம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ள 1994-இல் மோட்டார் வாகனச் சட்ட அட்டவணை சொன்னது. பத்து வயதுப் பையன் வழக்கில் 2013-இல் சுப்ரீம் கோர்ட் அதை 30,000 ஆக்கியது. ஆனால் இதெல்லாம் பிள்ளை போன பிறகு போடுகிற கணக்கு. பொருளாதாரக்காரர்கள் கேட்பது வேறு: ஆபத்தைக் குறைக்க முன்கூட்டியே எவ்வளவு தருவீர்கள்?

பெற்றோரைக் கேட்டால் சரியான பதில் வருமா? மழைக்காலத்தில் உப்பளம் மூடிக்கிடக்கும்போது, கையில் காசில்லாத தாய் "அஞ்சு ரூபாய்" என்பாள். அது அவள் பையிலுள்ள காசின் அளவு. அவள் பிள்ளையின் மதிப்பு அதுவல்ல. இதை மறந்து போடும் எந்தக் கணக்கும் ஏழைப் பிள்ளையை மலிவாக்கிவிடும்.

இன்னொரு பொறி வட்டிக் கணக்கு. இன்று காப்பாற்றிய மூளை முப்பது வருஷம் கழித்து 100 ரூபாய் சம்பாதித்துத் தரும் என்று வைப்போம். 10 சதவீதம் கழித்தால் அதன் இன்றைய மதிப்பு 6 ரூபாய் கூட இல்லை. 3 சதவீதம் என்றால் 41 ரூபாய். பிள்ளை அதே பிள்ளைதான். சதவீதத்தைத் தேர்ந்தெடுப்பவர் கையில் அதன் எதிர்காலம் இருக்கிறது. தம்பி தங்கைகளே, நாளைக்குத் திட்ட அறிக்கை எழுதும்போது இதை நினைவில் வையுங்கள்.

அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்ற தடை 1998-இல் வந்து, 2000-இல் நீங்கி, 2006-இல் திரும்ப வந்தது. கடையில் சட்டம் செல்லும். பாத்தியிலிருந்து அடுப்படிக்கு நேராகப் போகும் உப்பில் செல்லாது. 2018-19 தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பு தமிழ்நாட்டில் 61.9 சதவீத வீடுகளில்தான் இருந்தது. மாநிலங்களில் கடைசி இடம். உப்பு விளையும் மண்ணுக்கு இந்த நிலை!

என் மகளுக்கு இப்போது இரண்டரை வயது. நன்றாகப் பேசுகிறாள், என்னைவிட அதிகமாகவே. அந்த மாதங்களில் அவளுக்கு ஏதாவது குறைந்ததா என்று எந்த டெஸ்டும் இனிச் சொல்லாது.

அதனால் ஒரு கோரிக்கை. சிறு உப்பளக்காரர்கள் தாங்கக்கூடிய விலையில், அயோடேட் தெளித்துக் கலக்கும் சின்ன மெஷின் ஒன்றை இறுதியாண்டு புராஜெக்டாக எடுங்கள். பாத்தியும் உப்பும் எங்கள் ஊரில் தருகிறோம். பொருட்செலவை எங்கள் பேட்ச் ஏற்கும். என் அம்மா தன் பாத்தி உப்பையே தன் பேத்திக்குப் போடட்டும். சொட்டு விட்டால் அது நீலமாகட்டும்.